எழுத்து ஆடினால்தான் டிஸ்லெக்சியாவா? – ‘தாரே ஜமீன் பர்’ படத்தை மறுபடி பார்த்தபோது

போன ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், என் தங்கை போன் பண்ணினாள். அவள் பையன் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டான். இன்னும் படிக்க வரவில்லை. பாடத்தை யாராவது வாசித்துக் காட்டினால் கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறான். புத்தகத்தை அவன் கையில் கொடுத்தால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்து ஏதோ ஒரு வார்த்தையைச் சொல்கிறான். ஒன்றாம் வகுப்பிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

“அப்பவே டிஸ்லெக்சியாவா இருக்குமோன்னு கேட்டேண்ணா. இவருதான், ‘அந்த அமீர் கான் படத்துல பையனுக்கு எழுத்தெல்லாம் ஆடும், இவனுக்கு ஆடலையே, நானே கேட்டுப் பாத்துட்டேன்’னு சொல்லிட்டாரு. அந்தப் பையன் சூப்பரா படம் வரைவான், இவனுக்குக் கோடு கூட நேரா போட வராதே, அப்ப அது இல்லன்னு விட்டுட்டோம்.”

இப்படியே இரண்டு வருடம் போயிருக்கிறது.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் படத்தை 2008 ஜனவரியில் தியேட்டரில் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருவன். டிஸ்லெக்சியா என்றால் என்ன என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை வைத்துக்கொண்டு படத்தை முதலிலிருந்து போட்டேன். அதற்குப் பிறகு ஆறு மாதமாகக் கிடைத்த நேரத்தில் படித்தவற்றோடு சேர்த்து இந்தக் குறிப்பை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, சிறப்பாசிரியரும் இல்லை. மென்பொருள் வேலை பார்க்கிறவன். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே பிள்ளைக்கு முத்திரை குத்த வேண்டாம்.

முதலில், படம் சரியாகச் செய்தவை

2007 டிசம்பரில் வந்த படம். அமோல் குப்தே எழுதி, அமீர் கான் இயக்கினார். எட்டு வயது இஷான் மூன்றாம் வகுப்பை இரண்டாம் முறையாகப் படிக்கிறான். அப்பா அவனைச் சோம்பேறி, அடங்காதவன் என்று முடிவு கட்டி விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார். அங்கே வரும் ஓவிய ஆசிரியர் நிகும்ப்தான் பிரச்சினை என்ன என்று கண்டுபிடிக்கிறார்.

இந்தக் கண்டுபிடிக்கிற இடம் இன்றைக்கும் அருமையாக இருக்கிறது. நிகும்ப் இஷானின் வீட்டுக்கே போய் அவனுடைய பழைய நோட்டுகளை வாங்கிப் புரட்டுகிறார். மதிப்பெண்ணை அவர் பார்ப்பதில்லை, தவறுகளைப் பார்க்கிறார். ஒரே வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு ஸ்பெல்லிங்கில் இருக்கிறது, எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது. இந்தத் தவறுகளில் ஓர் ஒழுங்கு இருக்கிறதே என்று கேட்கிறார். எங்கள் வேலையில் பக் வந்தால் முதலில் லாக்-ஐத் திறந்து பார்ப்போம்; புரோகிராம் எழுதினவனைத் திட்டுவது அதற்கப்புறம். நிகும்ப் செய்வது அதைத்தான்.

அப்புறம், அப்பாவிடம் தெரியாத மொழி எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்லி, “முடியாதா? கவனம் போதாது” என்கிற மாதிரி மடக்குகிற இடம். கருத்தரங்கில் ஒரு மணி நேரம் பேசினாலும் புரிய வைக்க முடியாததை அந்த ஒரு நிமிடம் புரிய வைக்கிறது. பரீட்சையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல விடுங்கள் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்பதும் சரியான கோரிக்கைதான். அதுவரை நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பிள்ளைகளுக்கு இருந்த பெயர் ‘மக்கு’. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள் 1990களிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தாலும், டிஸ்லெக்சியா என்ற சொல்லைச் சாதாரண வீடுகளுக்குள் கொண்டு வந்தது இந்தப் படம். அந்த நன்றியை வைத்துக்கொண்டுதான் மீதியைச் சொல்கிறேன்.

ஆடும் எழுத்துகள் எங்கிருந்து வந்தன?

வகுப்பில் இஷானைப் படிக்கச் சொல்கிறார்கள். எழுத்துகள் ஆடுகின்றன என்கிறான். அப்படியானால் ஆடுகிற எழுத்தையே படி என்கிறார் ஆசிரியை. நமக்கும் திரையில் எழுத்துகள் நெளிந்து நகர்வதைக் காட்டுகிறார்கள். என் மாப்பிள்ளை மனதில் தங்கியது இந்தக் காட்சிதான்.

இதைப் படத்தின் கற்பனை என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. டிஸ்லெக்சியாவைக் கண்ணின் கோளாறாகப் பார்ப்பதற்கு நூறு வருட வரலாறு இருக்கிறது. 1887இல் அந்தப் பெயரை வைத்த ருடால்ஃப் பெர்லின் ஜெர்மனியில் கண் மருத்துவர். 1917இல் ‘பிறவிச் சொல் குருடு’ பற்றித் தனி நூல் எழுதிய ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் கிளாஸ்கோவில் கண் அறுவை மருத்துவர். இருவருக்கும் நடுவில், 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பெர்ஸி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். புத்திசாலி, விளையாட்டில் கெட்டி, கணக்கில் தடுமாற்றம் இல்லை. ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி ‘ப்ரெஸி’ என்று எழுதுவான். பிறகு 1925இல் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்டன், மூளையின் இரு பாதிகளில் எது முந்துவது என்பது தீராததால் பிம்பங்கள் திரும்பித் தெரிகின்றன என்று ஒரு கொள்கை சொன்னார். எழுத்தைத் திருப்பிப் போடுவதுதான் டிஸ்லெக்சியாவின் அடையாளம் என்ற நம்பிக்கை அதிலிருந்து பரவியது.

1970களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஃபிராங்க் வெல்லுட்டினோவின் குழு செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹீப்ரு தெரியாத பிள்ளைகளுக்கு ஹீப்ரு சொற்களைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், நன்றாக வாசிக்கும் பிள்ளைகளுக்குச் சமமாகவே எழுதினார்கள். கண்ணுக்கு எழுத்து திரும்பியோ ஆடியோ தெரிந்தால் ஹீப்ருவும் ஆடியிருக்க வேண்டுமே! எழுத்தைப் பார்ப்பதில் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. தெரிந்த மொழியில் எழுத்தை ஒலியோடு சேர்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

இடம் வலமாகத் திருப்பி எழுதுவது ஐந்து ஆறு வயதில் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற வேலை. டம்ளரை இந்தப் பக்கம் வைத்தாலும் அந்தப் பக்கம் வைத்தாலும் அது டம்ளர்தான் என்று கற்றுக்கொண்ட மூளை, ஆங்கிலத்தின் ‘பி’யும் ‘டி’யும் திருப்பினால் வேறு எழுத்து என்று புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. வாசிப்பு பிந்துகிற பிள்ளைக்கு இந்தக் குழப்பமும் கூடுதல் நாள் நீடிக்கும். அதாவது அது வாசிப்பு பிந்தியதன் விளைவு, காரணம் இல்லை.

எழுத்து ஆடுகிறது என்று சொல்கிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. கண் பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் 2009இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை தெளிவாக இருக்கிறது: டிஸ்லெக்சியாவுக்குக் காரணம் கண் இல்லை, அதற்காகக் கண் பயிற்சி, கலர் கண்ணாடி என்று செலவழிப்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. நம் ஊரிலும் இவை விற்பனைக்கு இருக்கின்றன என்பதால் சொல்கிறேன்.

திரையில் காட்ட முடியாதது

அப்படியானால் சிக்கல் எங்கே? பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காதில் விழும் சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதில். காது நன்றாகவே கேட்கும். ஆனால் ‘பால்’ என்ற சொல்லுக்குள் ப், ஆ, ல் என்று மூன்று ஒலிகள் இருக்கின்றன என்பது மனதுக்குப் பிடிபடாது. எழுத்து என்பதே ஒலிக்குப் போட்ட குறி. ஒலியே தனியாகப் பிடிபடவில்லை என்றால் குறியை எதில் மாட்டுவது?

தங்கை வீட்டுக்குப் போனபோது மருமகனிடம் விளையாட்டாகக் கேட்டேன். “பால்-ல இருந்து முன்னாடி இருக்கிற ‘ப்’பை மட்டும் எடுத்துட்டா என்ன மிச்சம்?” கொஞ்ச நேரம் யோசித்து, “டம்ளர் மாமா” என்றான். அவன் பொருளைத்தான் யோசித்திருக்கிறான், ஒலியை இல்லை. ‘ஸ்டாப்’பில் முதல் ஒலியை எடுத்தால் என்ன என்று கேட்டேன். “போ” என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசு கனத்தும் போனது. (இது பரிசோதனை ஆகாது. தமிழில் மெய்யும் உயிரும் ஒரே எழுத்தாகச் சேர்ந்து கிடப்பதால் ‘ப்’பைத் தனியே உரிப்பது மற்ற பிள்ளைகளுக்கும் சற்றுப் பிந்தித்தான் வரும்.)

1983இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த லினெட் பிராட்லி, பீட்டர் பிரயண்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் ஒரு திருப்பம். வாசிக்கத் தொடங்காத நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் எந்தச் சொல் மற்றதோடு ஒலியில் சேரவில்லை என்று கேட்டார்கள். அதில் தடுமாறியவர்கள் சில வருடம் கழித்து வாசிப்பிலும் தடுமாறினார்கள். அதோடு விடாமல், தடுமாறியவர்களில் சிலருக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். ஒலிகளைப் பிரிக்கக் கற்றதோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் வைத்து, இந்த ஒலிக்கு இந்த எழுத்து என்று சேர்த்துக் கற்ற குழுதான் எல்லோரையும் விட முன்னேறியது.

எல்லாப் பிள்ளைக்கும் சிக்கல் ஒலியில் மட்டும்தான் என்றும் சொல்லிவிட முடியாது. படத்தைப் பார்த்துப் பெயரைச் சட்டென்று வாய்க்குக் கொண்டுவருவதில் சுணக்கம், சிறு வயதில் பேச்சு பிந்துவது, கவனக்குறைவு என்று பல காரணங்கள் ஒன்றன் மேல் ஒன்று சேரலாம். டிஸ்லெக்சியா என்பது ரத்த அழுத்தம் மாதிரி. இருக்கிறது, இல்லை என்று இரண்டு பெட்டி கிடையாது. கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகள் என்பார்கள்.

படத்தில் இஷானுக்குப் பந்து பிடிக்க வராது, ஷூ லேஸ் கட்ட வராது, கணக்கு வராது. மூன்றை ஒன்பதால் பெருக்கச் சொன்னால் கிரகங்களை மோதவிட்டு ‘மூன்று’ என்று எழுதிவிட்டு வருகிற காட்சி அழகான காட்சி. ஆனால் இவை எல்லாம் ஒரே பெயருக்குக் கீழ் வருவதில்லை. ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வரலாம், வராமலும் போகலாம். பெர்ஸிக்குக் கணக்கு நன்றாகவே வந்தது. ஒரு இரண்டரை மணிநேரப் படம் எல்லாவற்றையும் ஒரே பையன் தலையில் ஏற்றியதால், லேஸ் கட்டத் தெரிந்த பிள்ளைக்கு டிஸ்லெக்சியா இல்லை என்று வீட்டில் முடிவாகிறது.

ஒலியைத் திரையில் காட்டுவது கடினம், எழுத்து ஆடுவதைக் காட்டுவது சுலபம் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் நோட்டுக் காட்சியை அவ்வளவு பொறுமையாக எடுத்தவர்களால் இதற்கும் ஒரு காட்சி கண்டுபிடித்திருக்க முடியும்.

அப்பா

இன்னொன்று, குடும்ப வழி. டிஸ்லெக்சியா குடும்பத்தில் ஓடும். பெற்றோரில் ஒருவருக்கோ, கூடப் பிறந்தவருக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறார்கள். 2022இல் 50,000க்கும் மேற்பட்ட டிஸ்லெக்சியா உள்ளவர்களின் மரபணுக்களை ஆராய்ந்து, தொடர்புள்ள 42 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ‘டிஸ்லெக்சியா ஜீன்’ என்று ஒன்று கிடையாது. மரபு என்றால் விதி என்றும் அர்த்தமில்லை. எப்படிக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

படத்தில் அப்பா ஒரு கோபக்காரர், அவ்வளவுதான். என் மாப்பிள்ளையை நினைத்தால் அப்படிச் சுலபமாக எழுத முடியவில்லை. நல்ல மெக்கானிக். வாட்ஸ்அப்பில் எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான். பத்திரிகை தொட மாட்டார். பன்னிரண்டாவதில் ஆங்கிலத்தில் போனவர் அதோடு படிப்பை விட்டார். இந்தக் குடும்ப வழி விஷயத்தைப் படித்தபிறகு இதையெல்லாம் கோத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் தயங்கினேன். கடைசியில் பையனைப் பற்றி மட்டும் சொன்னேன், ஒலி, எழுத்து, எல்லாம். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எனக்கும் அப்படித்தான் மச்சான் இருந்துச்சு. அடி வாங்கியே தப்பிச்சேன். அதான் இவனுக்கு அது இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்” என்றார். எழுத்து ஆடுதா என்று அவர் பையனிடம் கேட்டதே, ‘ஆடல’ என்ற பதிலுக்காகத்தான் போலிருக்கிறது.

பரிசு வாங்காத பிள்ளை

நிகும்ப் வகுப்பில் ஒரு பட்டியல் சொல்வார். ஐன்ஸ்டைன், லியனார்டோ டா வின்சி, எடிசன் என்று போகும். இறந்தவர்களுக்கு டிஸ்லெக்சியா பரிசோதனை செய்ய வழியில்லை. டா வின்சி கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பி எழுதினார் என்பது உண்மை. அவர் இடதுகைக்காரர், பழகித் தேர்ந்து அப்படி எழுதினார். ஐன்ஸ்டைனுக்கு டிஸ்லெக்சியா என்பதற்கு உருப்படியான ஆதாரம் எதுவும் இல்லை. மனம் ஒடிந்த பையனுக்குத் தைரியம் சொல்ல ஓர் ஆசிரியர் இதைச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் படம் முழுவதும் இந்தப் பட்டியலின் மேல்தான் நிற்கிறது.

படத்தின் முடிவு என்ன? ஓவியப் போட்டி. இஷான் வெல்கிறான். அவன் வரைந்த படம் பள்ளி ஆண்டு மலரின் அட்டையில் வருகிறது. அப்பா அம்மா கண்ணில் தண்ணீர். பிள்ளைகளைப் பந்தயக் குதிரை ஆக்காதீர்கள் என்று படம் நெடுகச் சொல்லிவிட்டு, கடைசியில் இந்தப் பையனை ஒரு பந்தயத்தில் ஜெயிக்க வைத்துத்தான் மரியாதை வாங்கிக் கொடுக்கிறார்கள். அவன் வரைந்தது சுமாராக இருந்திருந்தால்? பரிசு வேறு யாருக்கோ போயிருந்தால்? அப்போதும் அவனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதுதானே?

இதற்கும் பழைய வேர் உண்டு. பெர்ஸியைப் பற்றிய குறிப்பிலேயே, எல்லாவற்றையும் வாய்மொழியாக நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவன் ஆசிரியர் சொன்னதாக இருக்கிறது. அறிவு அதிகம், வாசிப்பு குறைவு. இந்த இடைவெளிதான் டிஸ்லெக்சியா என்று பல பத்தாண்டுகள் வரையறுத்தார்கள். ஐக்யூ சாதாரணமாகவோ குறைவாகவோ இருந்த பிள்ளைக்கு உதவி மறுக்கப்பட்டது. பிறகு வந்த ஆய்வுகள் இந்த இடைவெளியைக் கைவிட்டன. 2011இல் ஸ்டான்ஃபோர்டில் மூளைப் படம் எடுத்துப் பார்த்தபோது, வாசிக்கத் திணறும் பிள்ளைகளில் ஐக்யூ அதிகமானவர்களுக்கும் குறைந்தவர்களுக்கும் ஒலியைக் கையாளும் பகுதிகளில் ஒரே மாதிரிக் குறைவுதான் தெரிந்தது. மறைந்திருக்கும் மேதைமையைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. என் மருமகனுக்கு வரையத் தெரியாது. பாட்டும் வராது. அவனுக்கும் வாசிக்கக் கற்றுக்கொள்ள உரிமை உண்டு.

ஆங்கிலத்தில் ஒரு முகம், தமிழில் ஒரு முகம்

இஷானின் நோட்டில் நாம் முக்கியமாகப் பார்ப்பது ஆங்கிலம். ஆங்கில ஸ்பெல்லிங் எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2003இல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் முதல் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். பெரும்பாலான மொழிகளில் பழகிய சொற்களைக் கிட்டத்தட்ட முழுதும் சரியாக வாசித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் வாசித்தது 34 சதவீதம். இத்தாலியனில் எழுதியபடி படித்தால் போதும் என்பதால், டிஸ்லெக்சியா உள்ளவர்கள் அங்கே தவறு குறைவாகச் செய்வார்கள். ஆனால் மெதுவாகப் படிப்பார்கள். 2001இல் இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில வாசகர்களின் மூளைகளை ஒப்பிட்டபோது சிக்கல் இருந்த இடம் மூன்றிலும் ஒன்றுதான்.

இதனால்தான் ‘தமிழில் படித்தால் டிஸ்லெக்சியா வராது’ என்று சொல்வது சரியில்லை. தமிழில் அது வேறு மாதிரி தெரியும். நம் எழுத்தில் திருப்பினால் வேறு எழுத்தாகிற ‘பி’, ‘டி’ சிக்கல் இல்லை. ஆனால் 247 எழுத்து. ‘கெ’ என்று எழுதும்போது ஒலியில் பின்னால் வருகிற உயிரின் குறி முன்னால் வந்து நிற்கிறது. ‘கொ’வில் முன்னும் பின்னும் நிற்கிறது. ஒரே ‘க’வை ‘கல்’லில் ஒரு மாதிரி, ‘பகல்’லில் ஒரு மாதிரி, ‘தங்க’த்தில் ஒரு மாதிரி ஒலிக்கிறோம். பேசுவது ‘வந்துச்சு’, புத்தகத்தில் ‘வந்தது’. கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வு, அங்கே எழுத்துகளைக் கற்று முடிப்பதே முதல் வகுப்பைத் தாண்டிப் பல வருடம் நீள்கிறது என்று காட்டியது. நம் கதையும் ஏறக்குறைய அதுதான். அதனால் தமிழ்ப் பிள்ளையிடம் பார்க்க வேண்டியவை: மூன்றாம் வகுப்பிலும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி ஊர்வது, குறில் நெடில் மாறுவது, கொம்பும் காலும் இடம் தவறுவது, ஒற்றெழுத்து விட்டுப்போவது. எல்லாப் பிள்ளையும் செய்கிற தவறுகள்தான். மற்றவர்கள் விட்ட பிறகும் இவர்கள் விடமாட்டார்கள். ல, ள, ழ குழப்பத்தை இதில் சேர்க்க வேண்டாம். அது வந்தால் நம்மில் பாதிப் பேருக்கு டிஸ்லெக்சியா.

அந்த ஒரு பாட்டு

என் பெரிய குறை இதுதான். நிகும்ப் இஷானுக்கு வாசிக்கக் கற்றுத் தருவது படத்தில் எவ்வளவு நேரம் வருகிறது? இசையோடு ஓடும் சில நிமிடங்கள். மணலில் எழுதுகிறான், களிமண்ணில் உருட்டுகிறான், படிக்கட்டில் ஏறி இறங்கிக் கூட்டல் கழித்தல் போடுகிறான். பாட்டு முடியும்போது பலகையில் இருப்பதைப் படிக்கிறான். மாற்றத்துக்குக் காரணம் அன்பு என்ற எண்ணத்தோடுதான் நாம் எழுந்து வருகிறோம்.

மணல் நமக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் மணலில்தான் எழுதினார்கள். மணலில் மந்திரம் ஒன்றுமில்லை. எந்த ஒலியை முதலில், எதை அடுத்து என்ற வரிசையில்தான் விஷயம். மருமகனுக்கு இப்போது ஒரு சிறப்பாசிரியர் சொல்லித் தருகிறார். அவர் செய்வதைப் பார்த்தும், படித்தவற்றிலிருந்தும் நான் புரிந்துகொண்டது இவ்வளவு:

ஒன்று, ஊகிக்க விடுவதில்லை. படத்தைப் பார்த்து, முதல் எழுத்தைப் பார்த்து யூகிக்கச் சொன்னால் அந்தப் பழக்கம் இறுகிவிடும். நம் பாட்டிகள் சொன்ன ‘எழுத்துக்கூட்டிப் படி’தான், ஆனால் கூட்டுவது எப்படி என்று ஒவ்வொரு படியையும் வெளிப்படையாகக் காட்டித் தருகிறார்.

இரண்டு, முதலில் வாயாலும் காதாலும் ஒலி விளையாட்டு, சில நிமிடம். உடனே அதே ஒலிக்கு எழுத்து. ஒரு வாரத்துக்கு இரண்டு மூன்று புதிய இணைகள், அதற்கு மேல் இல்லை. கற்றுக்கொடுத்த எழுத்துகள் மட்டுமே வரும் சிறு வாக்கியங்களைப் படிக்கச் சொல்கிறார். படித்ததையே எழுதவும் சொல்கிறார்.

மூன்று, தினமும் அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பது இதற்கு ஈடாகாது.

நான்கு, இதெல்லாம் நடக்கும்போதே அவனுக்குக் கதைகளையும் பாடங்களையும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்க வராததால் அறிவும் சொல்வளமும் பின்தங்கிவிடக் கூடாது.

ஐந்து, பள்ளியில் கேட்க வேண்டியதைக் கேட்பது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முறையான சான்றிதழ் இருந்தால் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். சலுகை வாங்கிவிட்டோம் என்று கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிடவும் கூடாது.

‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று மட்டும் காத்திருக்காதீர்கள். ஐந்து, ஆறு வயதில் தொடங்கினால் குறைந்த உழைப்பில் நடப்பது, ஒன்பது வயதில் பல மடங்கு உழைப்பைக் கேட்கிறது. முத்திரை விழுகிற வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒலியும் எழுத்தும் சொல்லிக்கொடுப்பதால் எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் வராது.

ஆறு மாதம் ஆகிறது. மருமகன் இப்போது கற்றுக்கொண்ட எழுத்துகளில் நான்கு வரிக் கதை படிக்கிறான். மெதுவாகத்தான். வகுப்புப் பாடம் இன்னும் அவனுக்குத் தூரம். வேகம் கடைசியில்தான் வரும், சிலருக்கு முழுதாக வராமலும் போகலாம் என்று ஆசிரியர் முன்பே சொல்லிவிட்டார். போன வாரம் நான் போயிருந்தபோது மாப்பிள்ளை ஒர்க்‌ஷாப்பிலிருந்து சீக்கிரம் வந்து, கை கழுவிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆசிரியர் ஒலியைச் சொல்ல, பையன் எழுத்து அட்டையை எடுக்க வேண்டும். ஒரு இடத்தில் அவன் தயங்கினான். மாப்பிள்ளையின் உதடும் சத்தமில்லாமல் அந்த ஒலியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது.

படத்தை இன்னும் பார்க்காதவர்கள் கட்டாயம் பாருங்கள். பிள்ளையைத் திட்டுவதை நிறுத்த அது போதும். பார்த்து முடித்ததும் உங்கள் பிள்ளையிடம் எழுத்து ஆடுதா என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, எங்கே தடுக்கிறது என்று கேளுங்கள்.